வேலை கிடைத்தால் போதுமா? கம்ப்யூட்டர் தொழிலில் தீவுப் பெண்கள்

சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கு அடியில் பதித்துக் கொண்டு வரப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலும், ஹேவ்லாக் என்று நாம் பழகிய ஸ்வராஜ் தீவிலும், லாங் ஐலண்டு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களிலும் அது கரையேறியிருக்கிறது. அதற்கு முன்பு செயற்கைக்கோளை நம்பி, ஒரு விண்ணப்பப் பாரத்தை அனுப்புவதற்குக்கூட மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் தீவுவாசிகள் எல்லோருக்கும் உண்டு.

கப்பலில் மூன்று நாள் தூரத்தில் இருந்த சென்னை, கம்ப்யூட்டரில் வேலை செய்வோருக்கு இப்போது பக்கத்து வீடாகிவிட்டது. இதனால் பயனடையக் கூடியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். படித்துவிட்டு, தீவை விட்டு வெளியே போக முடியாமலோ, போய்த் திரும்பி வந்தோ வீட்டோடு இருப்பவர்கள் அவர்களே.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி இந்த யூனியன் பிரதேசத்தில் பெண்களில் நூற்றுக்கு 82 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். அகில இந்திய அளவில் அது சுமார் 65. படிப்பில் நாம் பின்தங்கவில்லை. ஆனால் அதே கணக்கில், இங்கே வேலை செய்யும் பெண்களின் விகிதம் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. படிக்க வைக்கிறோம், பிறகு நிறுத்திவிடுகிறோம். இந்த இடைவெளியைக் கம்ப்யூட்டர் தொழில் நிரப்புமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வேலை கிடைத்த பெண் அந்த வேலையில் மேலே ஏறுவாளா, அல்லது சேர்ந்த படியிலேயே சில ஆண்டுகள் நின்றுவிட்டு இறங்கி வந்துவிடுவாளா என்பதுதான் அது.

வேலை வேறு, உயர்வு வேறு

சர்க்கார் ஆபீசில் பணிபுரியும் வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எல்.டி.சி.யாகச் சேர்ந்தவர் யு.டி.சி. ஆகிறார், பிறகு சூப்பரிண்டெண்ட் ஆகிறார். சீனியாரிட்டி பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. இடம் காலியாகாமல் பதவி உயர்வு தாமதமானாலும், பத்து, இருபது, முப்பது ஆண்டு சர்வீசில் அடுத்த சம்பள நிலையைத் தரும் ஏற்பாடு மத்திய அரசு ஊழியர்களுக்கு 2008 முதல் இருந்து வருகிறது. பிரசவ விடுமுறைக்குப் போனாலும் பட்டியலில் பெயர் அழிந்துவிடாது.

மென்பொருள் கம்பெனியில் இப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் போடுகிறார்கள். எந்த வாடிக்கையாளரின் வேலையில் இருந்தாய், கடைசி ஆறு மாதத்தில் என்ன செய்தாய், புதிதாக வந்த எந்தக் கருவியைக் கற்றுக் கொண்டாய் என்று பார்க்கிறார்கள். மூன்று ஆண்டு விலகியிருந்து திரும்புபவருக்கு, அவருக்குத் தெரிந்த வேலைமுறையே பழசாகியிருக்கும். அவரோடு சேர்ந்தவர் அவருக்கு மேலதிகாரியாகியிருப்பார்.

இந்தத் தொழிலில் பெண்கள் நுழைவதே கடினம் என்ற நிலை நம் நாட்டில் இன்று இல்லை. மென்பொருள் துறை ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். பொறியியல் பட்டப் படிப்பில் சேர்வோரில் பத்துக்குச் சுமார் மூன்று பேர் பெண்கள். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், படிப்பில் இருக்கும் விகிதத்தைவிடக் கம்பெனியில் சேரும் விகிதம் குறையவில்லை என்பது. கதவு திறந்தே இருக்கிறது. கதவுக்கு உள்ளே இருக்கும் மாடிப்படியில்தான் கூட்டம் குறைகிறது. குழுத் தலைவர், மேலாளர், பொது மேலாளர், டைரக்டர் என்று ஒவ்வொரு படியிலும் பெண்களின் எண்ணிக்கை மெலிந்துகொண்டே போகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்க, கனடா நாட்டுக் கம்பெனிகளைப் பற்றி 2024-இல் வெளியான மெக்கின்சி ஆய்வறிக்கையில், முதல் நிலையிலிருந்து மேலாளர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்த்தப்படும்போது 81 பெண்களே உயர்த்தப்படுகிறார்கள் என்று கண்டிருக்கிறது. உச்சாணிக் கிளையில் ஏற முடியவில்லை என்பது அல்ல இங்கே பிரச்னை. முதல் கிளையிலேயே கால் வழுக்குகிறது. அங்கே வழுக்கியவர்கள் பிற்பாடு மேலே தென்படப் போவதில்லை.

நம் ஊர்க் கணக்கில் இதை வைத்துப் பார்ப்போம். இருபத்திரண்டு வயதில் படிப்பு முடிகிறது, வேலை கிடைக்கிறது. இருபத்தைந்து, இருபத்தாறில் கல்யாணம். இருபத்தெட்டில் குழந்தை. முதல் பதவி உயர்வுக்குப் பெயர் எடுபடும் காலமும் சரியாக அதுவேதான். ஆண் பிள்ளைக்கு இந்த ஆண்டுகள் ஓடும் ஆண்டுகள். பெண்ணுக்கு இவை நிற்கும் ஆண்டுகள். ஐந்தாவது ஆண்டிலிருந்து பத்தாவது ஆண்டு வரை அவளுக்கு யார் என்ன உதவி செய்தார்கள் என்பதே அவளுடைய மீதி முப்பது ஆண்டைத் தீர்மானிக்கிறது.

ஒரு பெரிய கம்பெனி சொன்ன சேதி

2023-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் வெளியிட்ட ஆண்டறிக்கை இதற்கு ஓர் உதாரணம். சுமார் ஆறு லட்சம் பேர் வேலை செய்யும் ஸ்தாபனம் அது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். வழக்கமாக அங்கே வேலையை விட்டு விலகும் விகிதம் பெண்களிடையே ஆண்களைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்து வந்தது. 2022-23 நிதியாண்டில் அது தலைகீழாக மாறியது. பெண்களே அதிகமாக விலகினார்கள். தொற்றுநோய்க் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தபோது சில பெண்களின் குடும்ப ஏற்பாடுகள் அதற்கேற்ப மாறிவிட்டன, ஆபீசுக்குத் திரும்பும்படி அழைத்தபோது அவர்களால் வர இயலவில்லை போலும் என்று அக் கம்பெனியின் பணியாளர் துறைத் தலைவர் தமது ஊகத்தை எழுதினார்.

சற்று யோசித்தால் இதன் பொருள் புலப்படும். வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்கியதும், பிள்ளையைப் பார்ப்பது, வயதானவர்களைக் கவனிப்பது, சமையல் ஆகிய அத்தனையும் ஓசையில்லாமல் அவள் தலையில் ஏறிவிட்டன. மீண்டும் ஆபீஸ் திறந்தபோது அவற்றை இறக்கி வைக்க இடம் இல்லை. வாங்கிக் கொள்ள ஆளும் இல்லை. கம்பெனி வாசல் திறந்துதான் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை.

லலிதா ஏறிய ஏணி

தொழில்நுட்பத் துறையில் பெண்ணுக்கு ஆதரவு என்றால் என்ன என்று அறிய வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியின் சரித்திரத்தைப் பார்த்தாலே போதும்.

ஏ. லலிதா 1919-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணின் கதி என்னவாக இருந்திருக்கும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். லலிதாவின் தகப்பனார் கிண்டிக் கல்லூரியிலேயே பேராசிரியர். மகளைப் படிக்க வைக்க அவர் துணிந்தார். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோ இசைந்தார். கல்வித் துறை டைரக்டர் ஸ்டாதம் அனுமதி கொடுத்தார். 1940-இல் நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே லலிதா மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். தனியாக இருக்கும் அவருக்குத் துணை வேண்டும் என்று கருதி, பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் வந்து சேர்ந்தார்கள். படிப்பு முடிந்து சான்றிதழ் தரும்போது அச்சிட்ட படிவத்தில் ஆண்பால் சொல்தான் இருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பால் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பயிற்சி. சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் உத்தியோகம். 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்டிரீஸ் கம்பெனியில் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகளில் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மகாநாட்டுக்குச் சென்றார். எந்த ஊரில் வேலை என்பதைக் குழந்தையைப் பார்த்துக் கொள்ள அங்கே உறவினர் உண்டா என்பதை வைத்தே அவர் முடிவு செய்தார் என்று தெரிகிறது. உடன் படித்த திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் சீஃப் என்ஜினீயர் ஆனார்.

லலிதாவின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் திறமை மட்டுமா அவரை உயர்த்தியது? தகப்பனார் படிப்புக்கு வழி செய்தார். கல்லூரி விதியைத் தளர்த்தியதோடு நில்லாமல் துணைக்கு ஆளும் தேடியது. உறவினர் குழந்தையைக் கவனித்தார்கள். கம்பெனி வேலை கொடுத்து, அந்த வேலையில் நீடிக்கவும் வைத்தது. இந்த நான்கில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த ஏணி சரிந்திருக்கும். பெண்ணுக்கு ஆதரவு என்று மேடையில் பேசுவதற்கும், இந்த நான்கு கைகள் ஏணியைப் பிடித்ததற்கும் உள்ள தூரத்தை நாம் கவனிக்க வேண்டும்.

விண்வெளித் துறையும் இதையே சொல்கிறது. இஸ்ரோவின் தரை நிலையம் ஒன்று நம் போர்ட் பிளேரிலேயே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டை அது தொடர்ந்து கவனிக்கிறது. அரியலூரைச் சேர்ந்த வளர்மதி 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, 2012-இல் ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக விளங்கினார். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி 1987-இல் சேர்ந்தார். 2023-இல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 அவர் தலைமையில் உருவானது. ஒருவருக்கு 28 ஆண்டு, மற்றவருக்கு 36 ஆண்டு. பெரிய பொறுப்பு என்பது இப்படி விட்டுப் போகாத ஆண்டுகளின் கூட்டுத் தொகை. நடுவில் ஐந்தாண்டு விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சட்டம் தருவதும் தராததும்

நம்மவர்களில் பலர், பெண்ணுக்குச் சர்க்கார் வேலையே மேல் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 180 நாள் பிரசவ விடுமுறை. அது தவிர, பதினெட்டு வயதுக்குட்பட்ட முதலிரு குழந்தைகளைக் கவனிக்க சர்வீஸ் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுமுறை. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். அந்தமான் நிர்வாகத்தில் வேலை செய்யும் சகோதரிகள் இதை நன்கு அறிவர்.

தனியார் கம்பெனியில் நிலைமை என்ன? 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுமுறை கொடுத்தது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றது. விடுமுறைக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்ய ஏற்பாடு செய்து கொள்ளலாம் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த உரிமைகள் இடம் பெற்றிருக்கின்றன. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உட்குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் வகுத்த நெறிகள்தான் இதற்கு அடிப்படை.

இவை பெரிய உரிமைகள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 26 வாரம் முடிந்து திரும்பி வருபவருக்கு எந்த வேலை கொடுக்க வேண்டும், அந்த ஆண்டின் மதிப்பெண்ணை எப்படிப் போட வேண்டும், பதவி உயர்வில் அவர் முறை என்ன என்பதையெல்லாம் இந்தப் பிரிவுகள் வகுத்துச் சொல்லவில்லை. வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. மூலையில் உட்கார வைப்பதை அது தடுப்பதில்லை. மேலும், பிரசவ விடுமுறைச் செலவைப் பெரும்பாலும் கம்பெனியே தாங்க வேண்டியிருப்பதால், பெண்களை எடுக்கத் தயங்கும் சிறு முதலாளிகளும் இருக்கக் கூடும். சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. மீதி பங்கைச் செய்ய வேண்டியவர்கள் கம்பெனிகளும் குடும்பங்களும்.

சில கம்பெனிகள் அந்தத் திசையில் அடி எடுத்து வைத்திருக்கின்றன. ஸோஹோ நிறுவனம் இடைவெளி விட்ட பெண்களை மீண்டும் வேலைக்குப் பழக்க "மறுபடி" என்ற பெயரில் மூன்று மாதப் பயிற்சி நடத்துகிறது. அதே நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை கிராமத்தில் ஆபீஸ் வைத்து, ஊரை விட்டுப் போகாமல் மென்பொருள் வேலை செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறது. மலையடிவாரக் கிராமத்தில் முடிந்தது, கேபிள் வந்து சேர்ந்த தீவில் ஏன் முடியாது?

வீட்டிலிருந்து வேலை: வரமா, வலையா?

வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டர் வேலை என்பது தொற்றுநோய்க்குப் பிறகு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். 1962-இலேயே இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி ஆறு பவுன் முதலீட்டில், சாப்பாட்டு மேஜையையே ஆபீசாக வைத்து ஒரு மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார். கல்யாணம், குழந்தை காரணமாக வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து அவரவர் வீட்டிலேயே வேலை கொடுத்தார். தொலைபேசியும் தபாலும்தான் அவர்களுக்கிருந்த தொடர்பு. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். தம் பெயரில் கடிதம் எழுதினால் பதில் வராததைக் கண்டு "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். பதில்கள் வரத் தொடங்கின. கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான மென்பொருளை எழுதியவர்கள் இப்படி வீட்டில் இருந்த தாய்மார்களே. ஷெர்லி 2025-இல் காலமானார்.

நம் நாட்டில் வீட்டிலிருந்து கம்பெனி வேலை செய்வதற்குத் தொலைத்தொடர்பு இலாகாவின் விதிகள் பலவும் தடையாக இருந்து வந்தன. 2020 நவம்பரில் அவை பெரிதும் தளர்த்தப்பட்டன. கேபிள் வந்த அதே ஆண்டில் விதியும் தளர்ந்தது தீவுகளுக்கு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. சீனாவில் ஷாங்காய் நகரப் பயணக் கம்பெனி ஒன்றில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர் நிக்கலஸ் புளூம் குழுவினர் ஒன்பது மாதம் சோதனை நடத்தினார்கள். முடிவு 2015-இல் வெளியானது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலை அளவு 13 சதவீதம் கூடியது. ஆனால் அந்த உழைப்புக்கு ஏற்ற அளவில் பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆபீசில் இருந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகமாக இருந்தது. கண்ணில் படாதவர் கணக்கில் படுவதில்லை. தீவில் உட்கார்ந்து மூன்று ஆண்டு நல்ல வேலை செய்த பெண், சென்னை ஆபீசில் மேலாளரோடு காபி குடித்தவரிடம் தோற்றுப் போகலாம்.

எனவே வீட்டு வேலையை ஏற்கும் பெண் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டு மதிப்பெண் எதை வைத்துப் போடப்படும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். மேலாளரோடு வாரம் ஒரு முறையாவது நேராகப் பேசும் ஏற்பாடு வேண்டும். ஆண்டுக்குச் சில வாரமாவது கம்பெனிச் செலவில் தலைமை ஆபீசுக்குச் சென்று வர வேண்டும். தன் வேலையைத் தானே எழுதிக் குறித்து வைக்க வேண்டும். அடக்கம் நல்ல குணம்தான். மதிப்பெண் போடும் மாதத்தில் மட்டும் அதைச் சற்று ஒதுக்கி வைக்கலாம்.

தீவில் செய்யக் கூடியது

தீவுத் தமிழர்களுக்கென்று தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. 2011 கணக்கில் இத்தீவு மக்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பிழைப்புக்காக வந்த குடும்பங்கள் இவற்றில் ஏராளம். மாமியாரும் தாயாரும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால். ராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு பெண் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். டிலானிப்பூரிலோ ஹட் பேயிலோ அது நடக்காது. ஆகையால் குழந்தைக் காப்பகம் என்பது இங்கே ஆடம்பரம் அல்ல; வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுவே அடிப்படைத் தேவை.

மத்திய அரசின் மிஷன் சக்தித் திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்குப் "பால்னா" என்ற ஏற்பாடும், வேலை செய்யும் பெண்களின் விடுதிகளுக்குச் "சகி நிவாஸ்" என்ற ஏற்பாடும் இருக்கின்றன. அவற்றை நம் வட்டாரத்துக்குக் கேட்டுப் பெறுவது தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையில் எடுக்கத் தகுந்த கோரிக்கை. பஞ்சப்படிக்கும் போனசுக்கும் கொடி பிடிக்கும் சங்கங்கள் காப்பகத்துக்கும் ஒரு மகஜர் கொடுத்தால் என்ன?

பஹர்காவில் உள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி 1984-இல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிப் பின்னர் பொறியியல் பட்டப் படிப்பு வரை வளர்ந்திருக்கிறது. அங்கே படித்து வெளிவரும் பெண்களுக்கு, படித்து முடித்த பின் என்ன என்று சொல்ல ஆள் வேண்டும். பெங்களூரிலும் சென்னையிலும் பத்து ஆண்டு வேலை செய்த தீவுப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதம் ஒரு முறை கேபிள் வழியே இந்த மாணவிகளோடு பேசினால் அதற்குச் செலவு கிடையாது, பயன் அதிகம்.

இன்னொன்றும் யோசிக்கத் தக்கது. தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரையே நம்பியிருக்கிறது. வீட்டில் கரண்ட் போனால் வேலையும் போகும். தடையில்லாத மின்சாரம், நல்ல லைன், பக்கத்தில் குழந்தைக் காப்பகம் ஆகிய மூன்றும் உள்ள பொது வேலைக்கூடம் ஒன்றைப் போர்ட் பிளேரிலும் ரங்கத்திலும் ஹட் பேயிலும் நிர்வாகம் திறந்தால், பல கம்பெனிப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யலாம். வீட்டுச் சமையலறைக்கும் சென்னை ஆபீசுக்கும் நடுவே அது ஒரு நல்ல பாலம். ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்துப் போட்ட கேபிளில் சினிமா மட்டும் ஓடினால் போதாது.

"ஆண்களுக்கே வேலையில்லையே?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. தீவில் படித்த வாலிபர்களும் வேலைக்கு அலைகிறார்கள். ஆனால் இங்கே பேசுவது இருக்கும் வேலைகளைப் பங்கு போடுவதைப் பற்றி அல்ல. கேபிள் வழியே வெளியிலிருந்து புதிதாக வரக் கூடிய வேலையைப் பற்றியே பேசுகிறோம். போர்ட் பிளேரில் ஒரு பெண் சென்னைக் கம்பெனியில் சம்பளம் வாங்கினால், அந்தப் பணம் அபர்தீன் பஜாரில்தான் செலவாகிறது. அதில் இங்குள்ள ஆண்களும் பிழைக்கிறார்கள்.

உத்தியோகம் புருஷ லட்சணம் என்ற பழமொழி ஒரு சம்பளத்தில் குடும்பம் நடந்த காலத்தில் பிறந்தது. 1974-இல் டெல்கோ கம்பெனி என்ஜினீயர் வேலைக்குப் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரம் செய்தபோது, சுதா என்ற மாணவி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குப் போஸ்ட் கார்டு எழுதிக் கேள்வி கேட்டார். அவருக்கே அந்த வேலை கிடைத்தது. இன்று அவரைச் சுதா மூர்த்தி என்று நாடு அறியும். அப்போது தடை விளம்பரத்தில் பகிரங்கமாக அச்சிடப்பட்டிருந்தது. ஒரு போஸ்ட் கார்டில் அதை எதிர்க்க முடிந்தது. இன்றைய தடை எந்தத் தாளிலும் அச்சிடப்படவில்லை. குழந்தை பிறந்த பெண்ணை முக்கியமான வேலையில் போட வேண்டாம் என்ற மேலாளரின் நினைப்பிலும், அவள் சம்பளம் கூடுதல் வருமானம்தானே என்ற குடும்பத்தின் நினைப்பிலும் அது குடியிருக்கிறது. யாருக்குப் போஸ்ட் கார்டு எழுதுவது?

நம் வீட்டுக் கணக்கு

கம்பெனியும் அரசும் செய்ய வேண்டியதைச் சொன்னோம். கடைசியாக, நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வரன் பேசும்போது எத்தனை பவுன், சொந்த வீடா, வாடகை வீடா என்று விசாரிக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் எந்த ஊரில் வேலை செய்வாள், மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்தால் அவள் வேலை என்னாகும், குழந்தை பிறந்தால் யார் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளை எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டால் சம்பந்தம் தட்டிப் போய்விடும் என்று பயப்படுகிறோம். கேட்காமல் விட்டதால் தட்டிப் போன உத்தியோகங்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

பெண்ணின் சம்பளத்தில் பாதி, குழந்தை பார்க்கும் ஆளுக்கே போய்விடுகிறது, எதற்கு இந்த வேலை என்று கணக்குப் பார்க்கும் கணவன்மார்கள் இருக்கிறார்கள். குமாஸ்தாக்களாகிய நமக்குக் கணக்கு தெரியும். அந்தச் செலவு மூன்று, நான்கு ஆண்டுக்கு மட்டுமே. அதற்குப் பிறகு ஏறப் போகும் சம்பளம் இருபத்தைந்து ஆண்டுக்கு. ஏறும் காலத்துச் சம்பளத்தை விட்டுவிட்டு, தொடக்கக் காலச் செலவை மட்டும் பார்ப்பது நல்ல கணக்கு அல்ல. அந்தச் செலவும் பெண்ணின் சம்பளத்திலிருந்தே கழிய வேண்டும் என்று யார் விதித்தார்கள்? குழந்தை இருவருக்கும்தானே!

தீவில் பிறந்த நம் பெண்கள் படிப்பில் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். வேலையும் கேபிள் வழியே வீடு தேடி வரத் தொடங்கியிருக்கிறது. வேலை உத்தரவு வந்த அன்று மிட்டாய் கொடுக்கிறோம், நல்லதே. ஏழு ஆண்டு கழித்து, கைக்குழந்தையோடு அவள் முதல் பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுதும்போதோ, இரவு நேரத்தில் மேலாளரோடு பேசும்போதோ, அந்தக் குழந்தையை யார் தூக்கி வைத்துக் கொள்கிறார்கள் என்பதே நம் ஆதரவுக்கு உண்மையான அளவுகோல்.